எழுத்துகள் மட்டும்

சங்கரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாளையங்கோட்டையில் அந்தச் சின்ன மென்பொருள் கம்பெனியின் மாடியில் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தாள். வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குப் புது வீடு கொடுக்கிறார்கள். அதற்கான விண்ணப்பப் படிவம் அவள் கைவேலை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர் பதிந்துவிட்டார்கள், ஒரு பிழைகூட இல்லை என்று பத்து நாளாக மார்தட்டிக்கொண்டிருந்தாள். இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுத் திட்ட அதிகாரி போனில் கூப்பிட்டு, பட்டியலில் அத்தனை பேருக்கும் ஒரே பெயர் என்றார். கமல. ரேஷன் கார்டில் உள்ள பெயர்கள் ஐந்து மணிக்குள் வராவிட்டால் மொத்தப் பட்டியலும் தள்ளுபடியாம்.

பெயர்க் கட்டத்தில் எழுத்துகள் மட்டும்தான் வரலாம் என்று, அடிப்பதைச் சலித்துப் பார்க்கும் ரெகெக்ஸ் விதி ஒன்றை அவள் எழுதியிருந்தாள். கம்ப்யூட்டரின் யூனிகோடு கணக்கில் க, ம, ல எல்லாம் எழுத்து. புள்ளியும் கொம்பும் காலும் வெறும் குறிகள். குறிகளையும் சேர்த்துக்கொள் என்று அவள் சொல்லவில்லை. இசக்கியம்மா வந்தாலும் முத்துமாலை வந்தாலும் படிவம் வாசலிலேயே விரட்டியடித்தது. சோதனைக்கு அவள் அடித்துப் பார்த்ததெல்லாம் இங்கிலீஷில். தமிழ்ப் படிவத்தில் தன் பெயரையாவது தமிழில் ஒருதரம் அடித்துப் பார்க்கலாம் என்று தோன்றவில்லை, அவ்வளவு பெரிய படிப்பாளிக்கு. வெட்கம் பிடுங்கித் தின்றது. விதியைத் திருத்த ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. போன பெயர்களுக்கு எங்கே போவது?

பதிவு மையத்தில் இருந்த செந்தில்முருகனிடம் போனில் கத்தித் தீர்த்தாள். அவன் பதறவே இல்லை.

"வெளிய சனம் வெயில்ல நிக்கி. எந்தப் பேரை அடிச்சாலும் வாங்க மாட்டேங்கு. சும்மா கமலன்னு அடிச்சேன், அதை மட்டும் வாங்கிட்டு. பெறவு திருத்திக்கிடலாம்னு இருந்தேன்க்கா."

பெயர்களை அவன் எங்கும் எழுதி வைக்கவில்லை. போன் நம்பர்கள் மட்டும் சரியாக இருந்தன. ஆபீசில் இருந்த நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டார்கள். சங்கரி முதல் நம்பரை அழுத்தும்போது மணி மூன்றாகிவிட்டது. வயசான பெண் குரல் ஒன்று எடுத்தது. வீட்டு விண்ணப்பம் பற்றிப் பேசுகிறேன், உங்கள் பேர் என்ன என்று கேட்டாள்.

"கமல."

"அது இல்லம்மா. ரேசன் கார்டுல இருக்க ஒங்க நெசப் பேரைச் சொல்லுங்க."

அந்தம்மா மறுபடியும் கமல என்றாள். சங்கரி கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னொரு தரம், கெஞ்சாத குறையாகக் கேட்டாள்.

"கமலதான் தாயி. யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்னு கம்ப்யூட்டர்ல பதிஞ்ச தம்பி சொல்லிச்சு. நெசப் பேரைச் சொன்னா வீடு போயிரும்லா?"