நாற்பத்து நான்காம் பதிவு

தம்பிக்காரன் அனுப்பியது ஒரே ஒரு வரி, கணினிக்கு இடும் கட்டளை. தன் கெட்டிக்காரத்தனம் முழுவதையும் அதற்குள் அடைத்திருந்தான். அலுவலகக் கணினியில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்து, "இதை அப்படியே காப்பி பண்ணி கறுப்பு ஜன்னல்ல ஒட்டி என்டரைத் தட்டுக்கா, மத்ததை அது பாத்துக்கும்" என்று அக்காவுக்குச் செய்தி போட்டுவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனான்.

விஷயம் அக்கா வீட்டுக்காரரின் குரல். அவர் நீச்சல் பயிற்சியாளர். தெரிந்தவர் எல்லாருக்கும் கோச். குளத்தின் ஒரு கோடியிலிருந்து அதட்டினால் மறுகோடியில் உதைக்கிற கால்களுக்கு வேகம் கூடும். தொண்டையில் கட்டி, குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்ன வாரம், மனிதர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனில் நூற்றிருபது வாக்கியங்களைப் பேசிப் பதிந்து வைத்தார். டேப்லெட்டில் ஏற்றி எண்ணைத் தொட்டால் அவர் குரலிலேயே பேசும் என்பது ஏற்பாடு. பதிவுகளை அக்காவின் லேப்டாப்புக்கு மாற்றிய கையோடு, இடம் போதவில்லை என்று ஃபோனில் இருந்ததை அழித்தும் விட்டார். இப்போது அறுவை சிகிச்சையும் முடிந்து குரல் போய்விட்டது.

கோப்புகளின் பெயர் 1, 2, 3 என்று வெறும் எண்தான். இது ஒலிக்கோப்பு என்று காட்டும் வால் பெயருக்குப் பின்னால் இல்லாததால் டேப்லெட் ஏற்க மறுத்தது. அந்த வாலை ஒட்டத்தான் தம்பியின் ஒரு வரி.

டீ ஆறுவதற்குள் அக்கா அழைத்தாள்.

"ஏதோ இங்கிலீஷ்ல திட்டுதுடா. வால் ஒண்ணும் ஒட்டல. நாப்பத்தி நாலு மட்டும் காலியாக் கெடக்கு. நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்."

"நாப்பத்தி நாலுல என்னக்கா இருந்தது?"

"என்னைக் கூப்பிடறது" என்றாள்.

அந்த அழைப்பை அவன் கேட்டிருக்கிறான். கோச் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "மேனேஜர்!" என்று குரல் கொடுப்பார். அக்கா எந்த ஆபீசிலும் மேனேஜர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். வீட்டில் ஒரு துரும்பும் அவளைக் கேட்காமல் அசையாது என்பதால் கோச் வைத்த பெயர் அது. பத்தொன்பது வருஷமாக அவளும் உள்ளேயிருந்து "வந்துட்டேன்" என்பாள்.

அக்கா வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபோனில் தன் வரியைத் திரும்பப் படித்தான். பேச்சே இல்லாத ஒலிக்கோப்புக்கும் நாற்பத்து நான்கு பைட் எடை உண்டு. அதனால் '> 44', அதாவது அதைவிடப் பெரியதாக இருந்தால் மட்டும் வாலை ஒட்டு என்று எழுதியிருந்தான். முழு வரியையும் ஒற்றை மேற்கோளுக்குள் வைத்திருந்தான். அவன் கணினியில் அந்த மேற்கோள் கோட்டைச் சுவர். உள்ளே இருப்பதை எவரும் தொட மாட்டார்கள். அக்காவின் கணினி வேறு ரகம், அதில் இதற்குக் காலணா மதிப்பில்லை. அங்கே காவல் காப்பது இரட்டை மேற்கோள். காவல் இல்லாத இடத்தில் '>' குறிக்கு, வருவதை இந்தக் கோப்பில் கொட்டு என்று அர்த்தம். கொட்டுவதற்கு வசதியாக அது 44 என்ற கோப்பைத் துடைத்துக் காலி செய்துவிட்டது.

அக்கா பாவம், சொன்னதைத்தான் செய்திருக்கிறாள். அவன் வாயைத் திறக்காவிட்டால் கடைசிவரை தன்னைத்தான் நொந்துகொள்வாள். அப்படி விட்டுவிடலாம் என்று ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை நினைத்தான். அப்படி நினைத்ததற்காக ரொம்ப நாள் வெட்கப்பட்டான்.

அக்கா வாசலுக்கு முதுகு காட்டி மேசை முன் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. அவன் லேப்டாப்பை வாங்கி, அழிந்ததை மீட்கும் மென்பொருள் இரண்டை ஓட்டிப் பார்த்தான். ஒன்றும் தேறவில்லை. பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, இரட்டை மேற்கோள் போட்டு வரியை மாற்றி எழுதினான். நூற்றுப் பத்தொன்பதுக்கும் வால் முளைத்தது. பிறகு எழுந்து வாசற்பக்கம் போய் நின்றான்.

"அக்கா, நீ எதையும் தப்பா அமுக்கல. நான் எழுதினதுதான் தப்பு. உன் மெஷின்ல வேற மாதிரி ஆகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் யோசிக்கல. பிரதி எடுன்னும் சொல்லல."

அக்கா நாற்காலியோடு அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு எட்டு வந்து நீயே பண்ணியிருக்கக் கூடாதா? அப்படி என்னடா வெட்டி முறிக்கிற வேலை உனக்கு?" குரல் உடைந்தது. "அவர் கூப்பிடற மாதிரி யாருடா கூப்பிடுவா என்னை?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வந்துட்டேன்" என்றாள் அக்கா, சாதாரணமாக.

யாரிடம் சொல்கிறாள் என்று புரியாமல் திரும்பினான். பின்னால் கோச், ஆஸ்பத்திரியிலிருந்து கட்டு மாற்றிக்கொண்டு வந்தவர், ஒற்றைச் செருப்பைக் கழற்றியபடி நின்றிருந்தார். பழக்க தோஷம், 'மேனேஜர்' என்று உதடு ஒட்டித் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. பதில் வந்ததைக் கேட்டு அவரே ஒரு கணம் திகைத்து நின்றார். அப்புறம் முகமெல்லாம் சிரிப்பாகி, மறுபடியும் அதே மாதிரி வாயை அசைத்தார்.

"அதான் வந்துட்டேன்னேனே" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மேசையின் ஒரு முனையைத் தூக்கினாள்.

"இது வாசலைப் பாத்து இருக்கணும் இனிமே. நின்னுக்கிட்டே இருக்காம அந்தப் பக்கத்தைப் பிடிடா."