ஹாரனை அமுக்கினால் வைப்பர்

"பிரேக்கை மிதிடா மாப்ளே!"

"பாம்!" என்று அலறியது ஹாரன்.

தையல் மெஷினில் குனிந்திருந்தவள் பல்லைக் கடித்தாள். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாகக் காலையிலிருந்து இதே கூத்து. வாசலை ஒட்டிய ஷெட்டில் புருஷனும் அவள் தம்பியும் அந்தப் பழைய காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே கட்டில், நாற்காலி எல்லாம் பள்ளிக்கூடச் சட்டைகள். நாளைக்கு இரண்டாவது மெஷின் வந்து இறங்குகிறது. அதை எங்கே வைப்பது, தலையிலா?

வாக்குக் கொடுத்தவர் புருஷன்தான். "ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள லைட் எரியலைன்னா காரை வித்துடறேன். ஷெட்டு உனக்கு."

"மாமா, ஹாரனை அமுக்கவா?"

"அமுக்கு!"

வைப்பர்கள் சோம்பல் முறித்து எழுந்து கண்ணாடியைத் துடைத்தன.

"மழை வரப்போகுதுன்னு காருக்கே தெரிஞ்சிருக்கு மாமா."

"வாயை மூடுடா."

பொறுக்க முடியாமல் எழுந்து போனாள். பானட்டுக்குள் ஒயர்களெல்லாம் வந்து திருகில் மாட்டிக்கொள்கிற டெர்மினல் கட்டை புதிதாகப் பளபளத்தது. பழையது பொரி மாதிரி நொறுங்கிக் கீழே கிடந்தது. புது ஒயர் மொத்தமும் ஒரே கறுப்பு.

"எல்லாம் ஒரே நிறமா இருந்தா எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"நான் என்ன முட்டாளா? ஒவ்வொரு ஒயர் நுனியிலயும் ஒரு நூல் கட்டியிருக்கேன். அது போக வேண்டிய திருகுலயும் அதே நூல். நிறத்தைப் பாத்துப் பாத்துத்தான் மாட்டினேன்."

"யார் வீட்டு நூல்?"

புருஷன் தலையைச் சொறிந்தார். "உன் டப்பாவுலேருந்துதான்..."

"கேக்காமலா!"

"அக்கா, அவர் கேட்டிருந்தா நீ குடுத்திருப்பியா?"

தினமும் அந்த நூல்களோடேயே புழங்கியவளுக்குக் குனிந்து பார்த்த நொடியில் புரிந்துவிட்டது. கருநீல நூல் கட்டிய ஒயர் கறுப்பு நூல் திருகில். அரக்கு நூல் கட்டியது காப்பிக்கொட்டை நிறத்தில். தலைக்கு மேலே அழுது வடிந்துகொண்டிருந்தது ஒரு மஞ்சள் பல்பு.

பேசாமல் திரும்பிப் போனால் போதும், ஷெட்டு அவளுக்கு.

புருஷன் கையைத் துணியில் துடைத்தார். "விடு. என்னால ஆகல. நாளைக்கே ஆள் பாத்து வித்துடறேன். நீ மெஷினைக் கொண்டாந்து போட்டுக்க." காரைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

அவள் கண் போனது காரின் மேல் அல்ல, அந்தக் கருநீலத்தின் மேல். கறுப்போடு கருநீலம்! எவளாவது இப்படி ஒரு சட்டையைத் தைத்துக் கொடுத்தால் மூஞ்சியில் எறிவார்கள்.

"நில்லுங்க! மஞ்ச பல்பு வெளிச்சத்துல யாராவது நூல் பொருத்தம் பாப்பாங்களா? இத்தனை வருஷம் நான் துணியைத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடுறதைப் பாத்திருக்கீங்களே, காத்து வாங்கவா ஓடினேன்? முதல்ல பேட்டரியைக் கழட்டுங்க. டேய், இறங்கித் தள்ளு!"

மூவரும் தள்ளிக் காரைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். சாய்கிற வெயிலில் அவள் விரல் நீட்ட நீட்ட, புருஷன் திருகைத் தளர்த்தி ஒயர்களை மாற்றி மாட்டினார்.

"அதில்ல, பக்கத்துல. அய்யோ, அது அரக்குங்க!"

பேட்டரியை மாட்டி சுவிட்சைத் தட்டியதும் முன்விளக்கு இரண்டும் எரிந்தன. ஹாரனை அமுக்கினால் ஹாரனே கத்தியது. புருஷன் சின்னப் பிள்ளையாய்ச் சிரித்தார்.

"பொழுது இன்னும் சாயலை! நான் ஜெயிச்சுட்டேன். தள்ளுடா மாப்ளே உள்ள."

அவள் ஷெட்டு வாசலில் குறுக்கே போய் நின்றாள். உள்ளே தரை காலியாகக் கிடந்தது.

"எதுக்கு உள்ள? லைட்டு எரியுது, ஹாரன் கத்துது. நல்ல கார் தெருவுலயே நிக்கும்."

"மழை பெய்ஞ்சா?"

"உறை தைச்சுத் தரேன்."

"அக்கா, என்ன நிறத்துல?"

"கருநீலம்," என்றாள். "உங்க மாமா அதைக் கறுப்புன்னு நினைச்சுக்கட்டும்."