பெருமாள்புரத்து வாடகை வீடு

அம்மா சாரம்மாளின் உடலோடு ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கார மணிராஜ் கேட்டைத் திறக்காமல் உள்பக்கமாக நின்றே பேசினார்.

“தப்பா நெனைக்காதீய. அடுத்த வாரம் எம்மவளுக்கு நிச்சயம். மாடிக்குக் கொண்டுபோக வேண்டாம். நேரா சர்ச்சுக்குக் கொண்டுபோயிருங்களேன்.”

பதினாலு வருஷம் சாரம்மாள் கையால் கிறிஸ்துமஸ் முறுக்கு வாங்கித் தின்ற மனுஷன். டார்லினுக்கு ஆத்திரமாக வந்தது. தம்பி எபி கெஞ்சிக்கொண்டிருந்தான். அம்மாவை ஒரு வீட்டில் கிடத்தி ஜெபம் பண்ணாமல் எப்படி எடுப்பது?

“ஏலே எபி, என் ஆபீசுக்குக் கொண்டுபோவோம்.”

சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது.

ஆபீஸ் என்பது வீட்டில் சொல்லிவைத்திருந்த பொய். அங்கே கணக்கு எழுதிக் கொடுக்கிறாளாம். உண்மையில் ஆண்கள் ஃபோனில் நேரம் கேட்டு வருவார்கள், பணம் கொடுத்து அவளோடு இருந்துவிட்டுப் போவார்கள். நடுவில் தரகர் என்று யாரும் கிடையாது. அந்த ஃப்ளாட்டைப் பிடிக்க எட்டு மாதம் அலைந்தாள். தனியாக வரும் பொம்பளையிடம் வீட்டுக்காரர்கள் கேட்கிற கேள்விக்குப் போலீஸ் விசாரணையே தேவலை. கடைசியில் துபாய்க்காரர் ஒருவர் எதுவும் கேட்காமல் சாவி கொடுத்தார். தரைத்தளம், தனி வாசல், எதிரே ஜன்னல் கிடையாது. தொழிலுக்கென்று பார்த்துப் பார்த்துப் பிடித்த வசதியெல்லாம் சாவுக்கும் தோதாகத்தான் இருந்தது.

ஆட்டோவில் முன்னால் போய்ப் பெரிய கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அலமாரியைப் பூட்டினாள். விஷயம் தெரிந்தால் எபி அவளை அம்மா பக்கத்தில் உட்காரக்கூட விடமாட்டான். அவ்வளவு கண்டிப்பானவன். இன்று ஒரு நாள் தாண்டினால் போதும்.

சபைக் கமிட்டியின் அப்பாத்துரை அண்ணாச்சி முதல் ஆளாக வந்தார். மாதம் இரண்டு வியாழக்கிழமை இங்கே வருகிறவர்.

“இதான் டார்லின் ஆபீசா? தெருத் தெருவா தேடிட்டு வாரேன்,” என்றார் வாசலிலேயே சத்தமாக.

நல்ல நடிகர்தான். டார்லினுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

போதகர் ஐயர் ஜெபத்தை முடித்து ஞானப்பாட்டு ஆரம்பித்தபோது கரண்ட் போனது. ஹாலில் ஐம்பது பேர், சித்திரை வெயில்.

“இன்வெர்ட்டர் சுவிட்ச் எங்கனக்கா இருக்கு?” என்றான் எபி.

அம்மாவின் தலைமாட்டில் இருந்த டார்லின் எழுவதற்குள் அண்ணாச்சி விறுவிறுவென்று படுக்கையறைக்குள் போனார். கட்டிலுக்குப் பின்னால் தொங்கிய திரைக்குள் கைவிட்டுச் சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது போலும், கையைத் திரைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பாடியவர்கள் பாட்டை விடவில்லை. எபி மட்டும் பாடவில்லை. திறந்த கதவு வழியே திரையைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான், அண்ணாச்சியைப் பார்த்தான். கடைசியில் அக்காவைப் பார்த்தான். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்துகொண்டாள். ‘எந்திரி’ என்று சொல்லிவிடுவானோ?

பாட்டு முடிந்தது. பெட்டியை மூடினார்கள். தலைமாட்டில் ஒரு கைப்பிடியை எபி பிடித்தான். சபையில் எந்தச் சாவுக்கும் செய்வதுபோல அண்ணாச்சி மறுபக்கம் வந்து கை வைத்தார்.

“நீங்க விடுங்க அண்ணாச்சி.”

“என்னப்பா?”

“விடுங்க. அக்கா, நீ வந்து பிடி.”

அந்தச் சபையில் பொம்பளைகள் பெட்டி தூக்கி யாரும் பார்த்ததில்லை. ஐயர் ஏதோ சொல்ல வந்து, ஒதுங்கி வழிவிட்டார். டார்லின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து பிடித்தாள். பெட்டி கனத்தது.

“பைய வாக்கா,” என்றான் எபி. “வாசல்ல படி இருக்கு.”

அந்தப் படி அவளுக்குத் தெரியாததல்ல. சரி என்று தலையாட்டிவிட்டு, பார்த்துக் கால் வைத்தாள்.