சீனி இல்லாத படையல்

1

இந்தக் கதை என் மனத்தில் தானாக முளைத்ததல்ல, கேட்டு வாங்கப்பட்டது. மலேசியாவில், சிரம்பானில் உடல்நல விழிப்புணர்வு மலர் ஒன்று போடுகிறார்கள். இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் போட்ட வரியால் ஒரு தோட்டக் குடும்பம் திருந்துவதாகக் கதை வேண்டும் என்றார்கள். வரி நல்லது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. நம் ஆட்களில் எத்தனை பேர் காலை இழந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். இரண்டு பக்கம்தானே என்று தலையாட்டிவிட்டேன்.

முதல் வரி இப்படி வந்தது: “கோலா சாவா தோட்டத்து லோரி டிரைவர் ராமகிருஷ்ணன் ஒருநாள் ஆரஞ்சு போத்தலைக் கையில் எடுத்தபோது, அதன் விலையைக் கண்டு...”

[இதை விட்டுவிட்டேன். ராமகிருஷ்ணன் இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோயில் ஒரு காலையும் பிறகு உயிரையும் விட்டவர். வரி அவருக்குப் பிந்தித்தான் வந்தது. செத்தவரை எங்கே திருத்துவது? அவர் மனைவியையும் மகனையும் எழுத உட்கார்ந்தேன்.]

2

நீலாவதிக்கு ஹேமநாதன் ஒரே மகன். சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை. [அவனை ‘அரிசி மூட்டை’ என்று எழுதி அடித்தேன். பருத்தவனைக் கண்டால் பேனாவுக்கும் வாய் நீண்டுவிடுகிறது.] அவனுக்கும் இனிப்புநீர் வந்துவிட்டது. கால் விரலில் ஒரு புண் ஆறாமல் நிற்கிறது. இப்படியே குடித்துக்கொண்டிருந்தால் அப்பாவின் கதிதான் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நீலாவதிக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் போத்தலை நிறுத்தினாள். அமாவாசைக்கு மட்டும் நிறுத்த முடியவில்லை. அன்று மத்தியானம் கணவனின் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்த ஆரஞ்சு தண்ணியைக் கிளாசில் ஊற்றி, சூடம் காட்டி, அவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். படைத்ததைக் கொட்டக்கூடாது; கிளாஸ் மகனுக்குத்தான் போகும். அந்த ருசி ஒட்டிக்கொண்டால் பிறகு பல நாளைக்கு ஒளித்துக் குடிப்பான்.

கதவைத் திறக்கும்போதெல்லாம் கிளாசில் கொஞ்சம் குறைந்திருக்கும். நீலாவதி அதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த முறை சித்திக் என்பவரின் மளிகைக் கடையில் போத்தலை எடுத்தவள் மலைத்துப்போனாள்.

“என்னா தம்பி, இவ்ளோ வெல?”

“வரி ஏத்திட்டாங்கக்கா. சீனி போட்டதுக்குத்தான் வரி. இத எடுங்க, சீனி இல்லாதது. வெல கம்மி லா. கலரு அதேதான்.”

மகனுக்கும் கெடுதல் இல்லை, கணவனுக்கும் குறை இல்லை. நீலாவதி வெகுநாளைக்குப் பிறகு சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

[மலர்க்குழு கேட்ட கதை இங்கே முடிகிறது. வரி வேலை செய்துவிட்டது. நானும் ‘முற்றும்’ போட்டேன். ஆனால் படையலை வைத்துக் கதவைச் சாத்திய நீலாவதி வெளியே நின்றுகொண்டிருந்தாள். அவளை அப்படியே விட்டுவர மனம் கேட்கவில்லை.]

3

திறந்தபோது, கிளாஸ் ஊற்றியது ஊற்றியபடி இருந்தது. ஹேமநாதன் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினான்.

“என்னாம்மா இது? அப்பா தொடவே இல்ல.”

அவனும் இத்தனை நாளும் அளவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அன்றிலிருந்து அவனைத் தாகம் பிடித்துக்கொண்டது. குழாயில் வாய் வைத்துக் குடித்தான், அடங்கவில்லை. ஒரு சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்தபடி, அப்பாவுக்கு எடுத்த அதே இடது காலைத் தடவிக்கொண்டு சொன்னான்:

“நீலா, ஒரு கிளாஸ் ஊத்து.”

அவளை அப்படிக் கூப்பிட்டவர் ராமகிருஷ்ணன் ஒருவர்தான்.

[குறிப்பு: அடங்காத தாகம் இனிப்புநீரின் அறிகுறி. எந்த டாக்டரும் சொல்வார். ‘நீலா’வுக்கு மட்டும் என்னிடம் குறிப்பு இல்லை.]

4

எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த வரியை அடித்து, “அம்மா, ஒரு கிளாஸ் ஊத்து” என்று மாற்றினேன். மறுநாள் எடுத்துப் படித்தால் ‘நீலா’ என்றே இருக்கிறது.

சரி, வேறு முடிவு பார்ப்போம். நீலாவதி மகனைக் காரில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறாள். வழியில் அவன் வாய் திறக்கிறான்: “நீலா, சித்திக் கடையில காடிய நிறுத்து...”

[விட்டுவிட்டேன்.]

இன்னொன்று. அடுத்த அமாவாசைக்கு அவள் விலையைப் பார்க்காமல் பழைய போத்தலையே வாங்குகிறாள். ராமகிருஷ்ணன் குடித்து அடங்குகிறார். மிச்சம் மகன் வயிற்றுக்குப் போகிறது. விரலில் இருந்த புண் மெல்லப் பாதத்துக்கு...

[இதை எழுத என்னால் ஆகாது. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தான்?]

5

அமாவாசை வந்தது. நீலாவதி என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். சோறும் கறியும் வைத்தாள். கிளாசில் ஒன்றும் ஊற்றவில்லை. வெறும் கிளாசைப் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

“குடிச்சது போதுங்க. புள்ளைய விட்டுருங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஹேமநாதன் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து நின்றான். கையில் ஒன்றுமில்லை. அறைக்குள் கிளாஸ் தரையில் உரசும் சத்தம் கேட்டது. உடனே அவன் தொண்டையிலிருந்து மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் வந்தது. பிறகு அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

நீலாவதிக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். கூப்பிட்டால்தான் திரும்புவான். ‘ஹேமா’ என்று கூப்பிட்டு அவன் திரும்பாவிட்டால்? ‘என்னங்க’ என்று கூப்பிட்டுத் திரும்பிவிட்டால்?

நான் இரண்டையும் எழுதிப் பார்க்கவில்லை. எழுதினால் அதுவே நிலைத்துவிடும் என்று பயம். கதை வராது என்று மலர்க்குழுவுக்கும் சொல்லிவிட்டேன். நீலாவதி வாயைத் திறந்துவிட்டாள். எப்படிக் கூப்பிடுவதென்று நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள்.