டிவிக்குள் ஒரு மாப்பிள்ளை

கோதாவரிக் கரை ராஜோலில் பாபிராஜுவின் கைக்கடிகாரத்தை அவர் வீட்டு டிவியில் ஓடிய சினிமாக் கதாநாயகன் கட்டிக்கொண்டு போனது சங்கராந்திக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. படம் கறுப்பு வெள்ளை. ஜமீன் வாரிசு என்று புளுகி ஊர் ஊராக ஏமாற்றும் கிரிதரம், அப்பா அம்மா இல்லாத ஹைமவதியின் நகைப்பெட்டிக்குக் குறிவைத்து வந்து, அவளிடமே மனசைப் பறிகொடுத்து, ரயில்வே பிளாட்பாரத்தில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, அவளையே கல்யாணம் கட்டிக்கொள்வான். பாபிராஜுவின் மனைவி மாணிக்யாம்பா இதைப் பதினோரு வருஷமாக வாராவாரம் சிடியில் பார்த்தாள். "சாவியக் குடுக்காதடி, அவன் புளுகன்டி!" என்று ஒவ்வொரு வாரமும் கத்தினாள்; ஹைமவதி ஒவ்வொரு வாரமும் கொடுத்தாள். முடிவு தெரிந்த படத்துக்கு இப்படித் தொண்டை கிழியக் கத்துவானேன் என்று பாபிராஜுவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படத்தின் கல்யாணத்தில் பெண் பக்கம் நிற்க ஒரு ஆள் கிடையாது. அது பொறுக்காமல் மாணிக்யாம்பா ஒருநாள் டிவி முன்னால் மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி, வாழைப்பழம் வைத்து, "நான் இருக்கேன்டி உனக்கு, இதுதான் உன் பொறந்த வீடு" என்று சொல்லிவிட்டாள். கோதாவரிக்காரர்கள் யோசிக்காமல் சொல்லக் கூடாத வார்த்தை அது. பிறந்த வீடு என்று ஒன்று வந்தால் மாப்பிள்ளை என்று ஒருவன் வருவான், அவனுக்குப் பண்டிகைச் சீரும் வரும். கிரிதரம் ஏமாற்றுக்காரனே ஒழிய, சம்பிரதாயம் தெரியாதவன் இல்லை.

கடிகாரத்துக்குப் பிறகு பட்டு வேட்டி போயிற்று, உகாதிக்கு வெள்ளிக் கூஜா போயிற்று, ஒரு தூக்கு நிறைய அரிசெலு என்கிற அதிரசம் போயிற்று. அதைக் கிரிதரம் இரண்டாவது பாட்டில் கார் ஓட்டியபடியே தின்று தீர்த்தான். பாபிராஜு போலீசுக்குப் போனார். எஸ்.ஐ. வீட்டுக்கே வந்து முழுப் படத்தையும் பார்த்து, இடைவேளையில் காபியும் குடித்துவிட்டு, "மாப்பிள்ளை எடுத்துக்கிட்டத எப்படிங்க திருட்டுன்னு எழுதறது? நானே மாமனார் வண்டியிலதான் வந்திருக்கேன்" என்றார்.

சிடியைக் கால்வாயில் எறியக் கிளம்பிய பாபிராஜுவை மாணிக்யாம்பா வாசலில் மறித்தாள்.

"இருபத்தெட்டு வருஷத்துல இந்த வீட்டுல அம்மான்னு ஒரு குரல் கேட்டிருக்கா? அவளாவது இருக்கட்டுமே. போறது போகட்டும்."

அவருக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. சிடியை அலமாரியிலேயே வைத்துவிட்டு, "அந்தத் திருட்டுப்பய என் செருப்ப மட்டும் தொடட்டும், பாத்துக்கறேன்" என்றார். அடுத்த வாரம் செருப்பும் போயிற்று.

தசரா சமயத்தில் ஹைமவதிக்கு வயிறு தெரிந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று மாணிக்யாம்பா வளையலும் புடவையும் வைத்து முறையாக அழைத்தாள். அந்த ஞாயிறு கடைசிக் காட்சியில் கிரிதரத்தோடு ரயில் ஏறாமல், ஹைமவதி தகரப் பெட்டியோடு கூடத்தில் நின்றாள், கறுப்பு வெள்ளையாகவே. "அம்மா, பசிக்குது" என்றாள். மாணிக்யாம்பா அடுப்படிக்கு ஓடினாள். "இனிமே நான் எங்க படுக்கறதாம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே பாபிராஜு தன் கட்டிலை உள்ளறைக்கு இழுத்துப் போட்டார். மார்கழியில் பெரியாஸ்பத்திரியில் பெண் பிறந்தது. குழந்தை மட்டும் கலரில் இருந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் கதாநாயகி இல்லை. கிரிதரம் யாரையும் ஏமாற்றவில்லை, எதையும் எடுக்கவும் இல்லை. இரண்டரை மணி நேரமும் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். இதில் என்ன கதை இருக்கிறது என்று மாணிக்யாம்பா குழந்தைக்கு வெந்நீர் போட எழுந்து போய்விட்டாள். பாபிராஜு நாலு வாரம் பொறுத்துப் பார்த்தார். ஐந்தாம் வாரம், "இது ஒரு ரோதனை" என்று தலையில் அடித்துக்கொண்டு, பேத்தியைத் தூளியிலிருந்து தூக்கி வந்து திரைக்கு நேராகப் பிடித்தார்.

"நல்லாப் பாருங்க மாப்ளே," என்றார். "மூக்கு உங்களுதுதான்."