பிடுங்காத பல்

அத்தனை உயரத்தில் இரும்புக் கயிற்றைப் பிடித்தபடி இருட்டுக்குள் காலைத் தொங்கவிட்டு வேலை பார்க்கிற லிப்ட் மெக்கானிக்குக்குப் பல் டாக்டர் என்றால் மட்டும் பயம். இது தெருவுக்கே தெரியும். யாருக்கும் தெரியாது என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான்.

கடைவாய்ப் பல் குடைந்தபோது மனைவி டாக்டரிடம் நேரம் கேட்டு வாங்கித் தந்தாள். அவரும் போனார், வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு திரும்பி வந்து, "புடுங்கியாச்சு" என்றார். பஞ்சு அவருடைய கருவிப் பெட்டியிலிருந்து எடுத்தது. அதன் பிறகு வலி மாத்திரைதான் சோறு தண்ணீர். போதாமல் சளி மாத்திரை வேறு. இரண்டிலும் இருப்பது ஒரே மருந்து என்று அட்டையைத் திருப்பிப் பார்க்க மனிதருக்கு நேரமில்லை.

கடைசியில் கண் மஞ்சளாகி, குமட்டிக் குமட்டி ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழுந்தார்.

"ஈரல் நல்லா அடிபட்டிருக்கு. மாத்திரை ஏதாச்சும் சாப்ட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"பல்லு புடுங்கினதுக்கு ரெண்டு குடுத்தாங்க, அவ்வளவுதான்," என்று மனைவி முந்திக்கொண்டாள். மெக்கானிக் தலையாட்டி வைத்தார்.

டாக்டரம்மாவுக்குத் திருப்தி இல்லை. "ஈரல்ல செல்லு சாகுறப்போ உடம்போட சில புரதங்க அலாரம் அடிக்கும். வெள்ளை அணுக்கள் ஓடி வந்து செத்ததை அள்ளும். வேற சில புரதங்க இருக்கு, அதுங்க போதும்னு நிறுத்தும். நிறுத்தலன்னா வந்ததுங்க நல்ல செல்லையும் சேத்து அழிச்சிரும்."

"பிரேக்கு மாதிரியா?" என்றார் மெக்கானிக்.

"அதேதான்."

"பிடிக்கலன்னா?"

டாக்டரம்மா அவருடைய கண் இமையை இழுத்துப் பார்த்தார். "காரணம் தெரிஞ்சா முறிவு மருந்து ஏத்தலாம். தெரியாம கைய வைக்க முடியாது."

பிரேக் பிடிக்காத லிப்ட் ஒன்றின் அடித்தளத்தில் மெக்கானிக் ஒருமுறை இறங்கிப் பார்த்திருக்கிறார். அது கண்ணுக்குள் வந்தது. மனைவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "மாத்திரை... தெனமும் கைநிறைய. பல்லு இன்னும் இருக்கு."

"வாயத் தொறங்க," என்றாள் மனைவி. செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தாள். "இருக்கு டாக்டர். பத்திரமா இருக்கு."

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. வலது விலாவில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே ஏதாவது நிற்கிற சத்தம் கேட்கிறதா என்று கிடந்தார். சுருக்கென்றால் உயிர் போயிற்று. சுருக்கென்று இல்லாவிட்டால் அதைவிடப் பயம். மனைவி திட்டவே இல்லை. அப்போதுதான் தான் பிழைக்க மாட்டோம் என்று முடிவுகட்டினார்.

ஒரு காலை டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தார். "ஈரல் அளவெல்லாம் எறங்குது. உங்க பிரேக்கு புடிச்சிருச்சு."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நாள்கணக்கில் சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் திட்டித் தீர்த்தாள். மெக்கானிக் நிம்மதியாகத் தூங்கினார்.

வீட்டுக்குப் போகிற நாளில் அவர் கை தானாகத் தாடைக்குப் போனது.

"இனி மாத்திரை கெடையாது. டாக்டரம்மா சரின்னுட்டாங்க, கீழ் மாடிப் பல் டாக்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்," என்றாள்.

லிப்ட் கதவு திறந்தது.

"படியில போலாமே," என்றார் மெக்கானிக். "இந்த லிப்ட்டு சத்தம் சரியில்ல."

அவள் அவர் கையை விடாமல் உள்ளே இழுத்துப் பட்டனை அழுத்தினாள்.