மேலே போட்ட கொத்து

கண்டிக்குப் பக்கத்துத் திகனயில் ஏலக்காய் வியாபாரம் செய்த மஹ்ரூப் லண்டனுக்கு நேராகச் சரக்கு அனுப்பியது ஒரே ஒரு தடவைதான். 1930இல். கொழும்புக் கம்பனி சொன்ன விலைக்கெல்லாம் தலையாட்டி அலுத்துப்போய், லண்டன் வியாபாரி ஒருவனுக்கு எழுதிப்போட்டார். இருபது பெட்டி அனுப்பு, எல்லாம் சரியாக இருந்தால் வருடா வருடம் உன்னிடமே வாங்குகிறேன் என்று பதில் வந்தது.

ஹுன்னஸ்கிரியவிலிருந்து காய் கொண்டுவந்து விற்கும் கறுப்பையா தராசு பிடித்தான். பெட்டிக்கு நூறு இறாத்தல். முள் நின்றதும் மஹ்ரூப் பிஸ்மி சொல்லி, அரிசி அளக்கிற தகரக் கொத்தால் ஒரு கொத்துக் காய் அள்ளி மேலே போட்டார். பறக்கத்துக்கு, வியாபாரத்தில் இறையருள் பெருகட்டுமென்று. அவருடைய வாப்பாவும் அப்படித்தான் போட்டார்.

"லண்டன் தொரைக்குமா மொதலாளி?"

"அவனும் மனிசன்தானே. தொறந்து பாத்தா சந்தோசப்படுவான்."

"எனக்கு ஒரு நாளும் போட்டதில்லையே."

"நீ விக்கிறவன். இது வாங்குறவனுக்கு."

துறைமுகத்துக் காகிதங்களில் பெட்டிக்கு நூறு இறாத்தல் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலே போட்டது கணக்கில் சேருமென்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து வந்த இங்கிலீஷ் கடிதத்தைத் தபால் கந்தோர் ராஜலிங்கம் வாசித்தார்.

"சுங்கத்தில மறிச்சுப் போட்டாங்களாம். ஒரு பெட்டியும் காகிதத்தில உள்ள நிறை இல்லையாம்."

"கொறையுதா?"

"இல்லை, கூடவாம்."

"கூடத்தானே ராஜலிங்கம்? கூடக் குடுத்தவனைப் புடிக்கிறாங்களா?"

"கூட எண்டாலும் பிழைதான் முதலாளி. திருத்தின காகிதம் போகாமல் விடமாட்டாங்கள்."

அதே வாரம் திருத்தி அனுப்பினார். கப்பலில் அது போய்ச்சேரவே மூன்று வாரம். அதற்குள் லண்டன் சுங்கக் கிட்டங்கியின் ஈரத்தில் காய் கறுத்துப் பூசணம் பிடித்துவிட்டது. விலையும் விழுந்தது. வியாபாரி எழுதிய கடைசிக் கடிதம் நான்கு வரிதான். வேறிடத்தில் வாங்கிக்கொண்டேன், இனி எழுத வேண்டாம்.

அடுத்த பருவத்தில் கொழும்புக் கம்பனியின் ஆள் லொறியோடு வந்தான். விலையை அவனே சொன்னான். போன வருடத்தைவிடக் குறைவு. மஹ்ரூப் தலையாட்டினார்.

முள் நின்றது. கறுப்பையா அவர் கையைப் பார்த்தான். மஹ்ரூப் பிஸ்மி சொல்லி ஒரு கொத்து மேலே போட்டார்.

கம்பனி ஆள் காகிதம் எதையும் பார்க்கவில்லை. இன்னொன்று போடு என்று விரலைக் காட்டினான்.

மஹ்ரூப் போட்டார்.